வேட்டைநாய்க்கு முதுகு காட்டி இருந்தவ

அவவின்ர பேரை நான் இதில எழுதப் போறதில்லை. எழுதினால் அவவுக்குத்தான் பெருமை. எங்கட கோயில் சனம் அவவின்ர பேரைச் சொல்லிச் சொல்லியே என்ர காது புளிச்சுப் போச்சு. நானும் எழுத்தில வேற வைக்கவோ?

ஊரை விட்டு வந்த இந்தக் குளிர் தேசத்தில, வில்லரே எண்ட பகுதியில நாங்கள் இருக்கிறது மேல் வீடு. அவ இருந்தது கீழ் வீடு. எங்கட குசினி யன்னலால குனிஞ்சு பார்த்தால் அவவின்ர பின்வளவு முழுக்கத் தெரியும். ஒரு பாய் விரிக்கிற அளவு புல்லு, ஒரு பழைய கொட்டில், கம்பி வேலி, ஒழுங்கைப் பக்கம் திறக்கிற படலை. நான் வேணுமெண்டு பார்க்கிறேல்லை. பாத்திரம் கழுவுற தொட்டி அந்த யன்னலுக்கு நேரதான் இருக்கு. ஒன்பது வருசம் பாத்திரம் கழுவினன், ஒன்பது வருசம் பார்த்தன்.

அவ மன்னார்ப் பக்கம். என்னைவிட ஏழெட்டு வயது குறைவு. புருசன் இல்லை. ஒரு மகன், நகரத்துக்கு வெளிப்பக்கம் கர்க்லாண்டில வீடு வாங்கிப் போனவன். ஆள் மெலிவு, சோளத்தட்டை மாதிரி. பனிக்காலத்தில ஆம்பிளையளின்ர ஜாக்கெட் ஒண்டு போடுவா, முழங்கால் மட்டும் வரும். ஒரு பொக்கற்றில செபமாலை, மற்றப் பொக்கற்றில நாய்ப்பீ அள்ளுற பை. ஒருக்கால் பூசைக்கு நடுவில பொக்கற் மாறிப் போச்சு. செபமாலைக்குப் பதிலாப் பையைச் சுருளோட இழுத்தெடுத்தா. வேற ஆரும் எண்டால் வெக்கத்தில செத்திருப்பினம். அவ சிரிச்சுப் போட்டு அந்தப் பைச் சுருளையே கையில வைச்சுக்கொண்டு மிச்சப் பூசையைக் கண்டா. பின் வாங்கில இருந்த எல்லாரும் சிரிச்சினம். நான் சிரிக்கேல்லை.

சமையல் எண்டால் அவவுக்குச் சுத்தச் சூனியம். அவவின்ர சொதியைப் பார்த்தால் அரிசி களைஞ்ச தண்ணி எண்டு நினைப்பியள். இதை ஏன் சொல்லுறன் எண்டால், ஒரு மனுசியிட்ட எல்லாம் நல்லாயிருந்தது எண்டு எழுதினால் அது பொய்யாப் போயிடும்.

அவவிட்ட இருந்தது நாய். சும்மா நாய் இல்லை, வேட்டைநாய். அதிலயும் வேலையால நிண்ட வேட்டைநாய்.

அது துவங்கினது இப்பிடி. அவ எங்கட பக்கத்தில ஒரு நாய் டொக்டரின்ர கிளினிக்கில தரை துடைக்கிற வேலை. வடக்கால, மலைப் பக்கத்தில, நாயை விட்டு முயல் பிடிக்கிற ஆக்கள் இருக்கினம். நாய் ஓடேக்க தொங்கிற காது நிலத்தில முட்டும் எண்டு சொல்லுவா, அந்த மாதிரிச் சாதி. அப்பிடி ஒரு வெள்ளைக்காரக் கிழவன் தன்ர நாயை ஊசி போட்டு முடிக்கக் கொண்டந்திட்டுதாம். மூக்கு இன்னும் வேலை செய்யுதாம், கால்தான் ஏலாதாம், மற்ற நாயள் ஓட இது பின்னால நிண்டு அழுதாம். கிழவன் கதிரையில இருந்து தானும் அழுதுகொண்டிருந்துதாம். கிளினிக்கில இருந்த பிள்ளையள் எல்லாம் வந்து, என்ன வயது, என்ன வருத்தம், எப்ப துவங்கினது எண்டு கேட்டுக் கேட்டு எழுதிச்சுதுகளாம். இவ மட்டும் ஒண்டும் கேக்கேல்லை. துடைப்பத்தைச் சுவரில சாத்திப் போட்டுப் பக்கத்துக் கதிரையில இருந்தா. அவ்வளவுதான். கொஞ்சத்தால கிழவன் நாய்க்கயிறை அவவின்ர கையில வைச்சிட்டு எழும்பிப் போயிட்டுது.

பேந்தென்ன, அந்தக் கிழவன் மற்ற வேட்டைக்காரருக்குச் சொல்லி, அவை இன்னும் ஆருக்கோ சொல்லி, வில்லரேயில ஒரு கறுத்த மனுசி வேலை முடிஞ்ச நாயளை ஏற்கிறாவாம் எண்டு கதை பரவீட்டுது. ஒண்டு சாக, இன்னொண்டு வரும். சேறு பிடிச்ச ட்ரக் ஒண்டு ஒழுங்கைக்குள்ள வந்து நிக்கும். என்ர காலத்தில நாலு நாய் வந்து இறங்கினது.

கோயில் மண்டபத்தில இந்தக் கதைதான். "முயல் கலைக்கிற நாயைச் சோபாவில ஏத்தி வைச்சிருக்கிறாவாம், விசர்." அப்பிடிச் சொன்ன ஆக்களேதான் பேந்து ஞாயிற்றுக்கிழமையில பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு நாய் பார்க்க வந்தவை. என்ர படியைக் கடந்துதான் போவினம். ஒருத்தரும் மேல ஏறி, "அக்கா எப்பிடி இருக்கிறியள்?" எண்டு கேக்கேல்லை. கோயில் திருநாளுக்கு முந்நூறு பேருக்குச் சமைச்ச கை இது.

அந்த நாயள் குரைக்காது. ஊளையிடும். முதல் நாய் வந்த அடுத்த நாள் காலமை அது மூக்கை மேல தூக்கி, நீட்டி ஒரு குரல் விட்டுது. நாய் ஊளையிட்டால் என்னத்துக்கு எண்டு எங்களுக்குத் தெரியாதே? நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திப் போட்டு, ஊரில இருக்கிற தமையனுக்குப் போன் எடுத்து உயிரோட இருக்கிறாரோ எண்டு கேட்டன். தமையன் ஏசினார். இறங்கிப் போய் அவவிட்ட, "தங்கச்சி, உது நல்லதுக்கில்லை" எண்டன்.

"அது ஊளையில்லை அக்கா. முயல் மணத்தைக் கண்டால் பின்னால வாற ஆளுக்குச் சொல்லுற குரல். அது வேலைக்குரல்."

"இஞ்ச எங்க முயல்?"

"ஒழுங்கையில ஒண்டு திரியுது. நீங்கள் காணேல்லை. அது கண்டிட்டுது."

இப்பிடித்தான் அவவின்ர கதை. உங்களைப் பிழை எண்டு சொல்லமாட்டா. ஆனால் நீங்கள் திரும்பிப் படியேறி வரேக்க பிழை உங்களிலதான் எண்டு வருவியள்.

நான் சொல்ல வந்தது அவ நாயைப் பழக்கிற விதம். பழக்கிறது எண்டும் சொல்ல ஏலாது. அந்த நாயளுக்கு வீடு எண்டால் என்னெண்டு தெரியாது. பிறந்தது முதல் வெளியில வைக்கோலுக்குள்ள, பத்துப் பதினைஞ்சு நாயோட நாயாக் கிடந்ததுகள். கண்ணாடிக் கதவில போய் முட்டும். டீவியில ஆள் கதைச்சால் கதிரைக்குப் பின்னால ஒளிக்கும். மெத்தையைப் போட்டால் பக்கத்தில வெறுந்தரையில படுக்கும். ஒரு ஆள் கிட்டப் போனால் உடம்பு நடுங்கும், ஒரே ஆள் ஒரே நாயைப் பார்க்கிறது அதுகளுக்குப் பழக்கமில்லை.

நானெண்டால் "வா, வா" எண்டு கூப்பிட்டுச் சாப்பாட்டைக் காட்டித் தலையைத் தடவப் போவன். அவ ஒரு வாளியைக் கவிட்டு வளவுக்கு நடுவில வைச்சு, நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பா. மடியில தட்டம். தட்டத்தில பயத்தங்காய். ஒண்டொண்டா எடுத்துக் கையால முறிப்பா. டக், டக். திரும்பிப் பார்க்கமாட்டா, கூப்பிடமாட்டா. ஒரு நாள், ரெண்டு நாள், ஒரு நாய்க்குப் பன்ரெண்டு நாள் எடுத்தது. நான் யன்னலில நிண்டு எண்ணினனான். பதின்மூண்டாம் நாள் அந்த நாய் கொட்டிலுக்குள்ள இருந்து வந்து, அவவின்ர முதுகில மூக்கை வைச்சு, அப்பிடியே நிண்டுது. அப்பவும் அவ திரும்பேல்லை. கையிலிருந்த பயத்தங்காயை முறிச்சுப் போட்டா.

ஒருக்கால் கேட்டன், "ஏன் தங்கச்சி, கூப்பிட்டால் கெதியா வருமெல்லே?"

"அது தன்ர வேலையைச் செய்து முடிச்சிட்டு வந்திருக்கு அக்கா. இனி அதிட்ட ஒண்டும் கேக்கக் கூடாது."

மனுசரிட்டையும் அப்பிடித்தான். எங்கட தெருவில ஒரு செத்த வீடு. முப்பத்தெட்டு வயதுப் பொடியன், மெட்ரோ வாசலில விழுந்து செத்தவன். நாங்கள் எல்லாரும் போய்ப் பெண்சாதியின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, எப்பிடி நடந்தது, காலமை என்ன சாப்பிட்டவர், முந்தி நெஞ்சு நோ இருந்ததோ எண்டு கேட்டம். கேக்கிறதுதானே முறை? கேக்காட்டி வந்ததுக்கு என்ன அர்த்தம்? இவ வந்தா, சப்பாத்தைக் கழட்டினா, அந்தப் பெண்சாதிக்குப் பக்கத்தில நிலத்தில இருந்து, அங்க கிடந்த சின்னப் பிள்ளையளின்ர உடுப்பை மடிச்சா. அந்தப் பிள்ளை எங்கட கையை எல்லாம் விட்டிட்டு அவவின்ர தோளில சாய்ஞ்சுது. நான் கொண்டுபோன சோத்துப் பெட்டி வாசலில கிடந்து ஆறினது.

முதல் நாயைக் குடுத்த கிழவன் ஒரு இலையுதிர் காலத்தில அதைப் பார்க்க வந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் அவவைச் சொன்னதாகாது. ட்ரக்கை ஒழுங்கையில நிப்பாட்டி, இறங்கி, கழுத்தில தொங்கின குழல் ஒண்டை எடுத்து ஊதிச்சுது. கொட்டிலடியில கிடந்த நாய் எழும்பி, உடம்பு முழுக்க நடுங்க நடுங்கப் போய்க் கிழவனின்ர கையை மணந்தது. இவ என்ன செய்தா தெரியுமோ? படலையை அகலத் திறந்து விட்டிட்டு, தேத்தண்ணி வைக்க உள்ள போயிட்டா. கிழவன் நாயோட தனிய நிண்டுது. ட்ரக்கின்ர கதவு திறந்து கிடக்கு. நான் மேல நிண்டு, உண்மையைச் சொல்லுறன், "போ, ஏறிப் போ" எண்டு மனசுக்குள்ள மண்டாடினன். நாய் ட்ரக்கில முன்னங்காலை வைச்சது. உள்ள மணந்தது. காலை இறக்கிச்சுது. திரும்பி நடந்து வந்து, குசினிப் படியில கிடந்த அவவின்ர செருப்புக்கு மேல படுத்தது. அவ தேத்தண்ணியோட வெளியில வந்து, ஒண்டும் நடக்காத மாதிரிக் கிழவனுக்குக் கோப்பையை நீட்டினா.

எனக்கு ரெண்டு பிள்ளையள். ரொறன்ரோவில ஒண்டு, டவுன்டவுனில ஒண்டு. படலையை இறுக்கிப் பூட்டி வளர்த்த பிள்ளையள். போன் எடுத்தால் நான் கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லிப் போட்டு வைச்சிடுவினம். சரி, அதை விடுவம்.

இனித்தான் என்ர வீட்டுக்காரர் வாறார். இருபத்தேழு வருசம் டவுன்டவுனில ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில நிண்டவர். வேலையால நிண்ட பிறகு தெருப்பக்கத்து யன்னலடியில கதிரையைப் போட்டு இருந்திட்டார். சாப்பிட்டியளோ எண்டால் "ம்." குளிசை போட்டியளோ எண்டால் "ம்." என்ன யோசிக்கிறியள் எண்டால் அதுக்கும் "ம்." அப்பிடி ரெண்டு வருசம்.

நாலாம் நாய் வந்தது அப்ப. பிஜூ எண்டு பேர். அந்தப் பேரோடதான் வந்தது, அவ பேர் மாத்திறேல்லை. வெள்ளையும் மண்ணிறமும், இடப்பக்கக் காது பாதி கிழிஞ்சது. அதை ட்ரக்கால இறக்கேக்க இவர் எழும்பிக் குசினி யன்னலடிக்கு வந்தார். அடுத்த நாள் சப்பாத்தைப் போட்டார். இரும்புப் படியால மெல்ல மெல்ல இறங்கிக் கீழ போனார். அவ இன்னொரு வாளியைக் கவிட்டு வைச்சா.

பேந்து ஒவ்வொரு பின்னேரமும் நாலு மணிக்கு.

"ஏன் உந்த மனுசியிட்ட ஓடி ஓடிப் போறியள்?"

"மனுசியிட்டப் போகேல்லை. நாயிட்டப் போறன்."

"வீட்டில நான் இருக்கிறன் எண்டு தெரியுமோ?"

"ம்."

ஒக்ரோபர் மாதம், ஒரு பின்னேரம், பாத்திரம் கழுவுறன், கீழ ஒரு ஆம்பிளைக் குரல் கேக்குது. ஆரோ வந்திருக்கினம் எண்டு நினைச்சன். அவரின்ர குரல். அவரின்ர குரல் எனக்கு மறந்து போயிருந்தது. யன்னலை ஒரு சாண் திறந்தன். குளிர் உள்ள வந்து அடுப்பை அணைச்சிடும் போல இருந்தது. பரவாயில்லை எண்டு நிண்டன்.

பிஜூ அவரின்ர சப்பாத்தில தலையை வைச்சுக் கிடக்கு. அவ மற்ற வாளியில, அவருக்கும் நாய்க்கும் முதுகைக் காட்டிக்கொண்டு பயத்தங்காய் முறிக்கிறா. அவர் தன்ர முழங்கையைப் பார்த்துக் கதைக்கிறார். அந்த முழங்கையில ஒரு தழும்பு இருக்கு, நெத்தலி நீளம். தாய் செத்த செய்தியை ரெஸ்ரோரன்ற் போனுக்கு எடுத்துச் சொன்னவையாம். போன் ஒரு கையில, மற்றக் கை அவண் எண்ட சூட்டடுப்புக்குள்ள இருந்ததாம். வெளியில எடுக்க வேணும் எண்டு தெரியேல்லையாம். பக்கத்தில நிண்டவன்தான் கையை இழுத்தெடுத்தவனாம். பேந்து துணியைச் சுத்திக்கொண்டு வேலை முடியும் மட்டும் நிண்டவராம்.

அவ "ஐயோ அண்ணை" எண்டு சொல்லேல்லை. டக், டக்.

அந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். துணி சுத்தின கையோட வாசலில நிண்டவர். நான் கேட்டன். ஏன் பிந்தினது, கையில என்ன, ஆர் போன் எடுத்தது, மாமி என்னெண்டு செத்தவ, காரியம் ஆர் செய்யினம். அவர், "எண்ணெய் தெறிச்சது" எண்டார். நானும் எண்ணெய்ச் சூட்டுக்குப் பூசுறதைத்தான் பூசினன். இத்தனை வருசமும் அது எண்ணெய்ச் சூடு எண்டுதான் நான் எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சனான். என்ர புருசனின்ர கையில இருக்கிற தழும்பு என்னெண்டு ஒரு நாய்க்குத் தெரியும், கீழ் வீட்டு மனுசிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

அண்டைக்குச் சோறு குழைஞ்சு போச்சு.

நான் யோசிச்சன். அவர் நாயிட்டத்தான் போறார் எண்டால், நாய் என்னிட்ட வந்தால் அவரும் என்னிட்ட வருவார். அவ கிழமையில மூண்டு நாள் காலமை கிளினிக்குக்குப் போயிடுவா, நாய் வளவில நிக்கும். அவர் அந்த நேரம் குளிச்சுச் சவரம் எடுக்க ஒரு மணித்தியாலம் செல்லும்.

அவ முந்தியே படியில வைச்சுச் சொன்னவதான். "அக்கா, அதுக்குக் கறி ஒண்டும் வைச்சிடாதேங்கோ. வெங்காயம் கூடாதாம். அவிச்ச எலும்பு துப்பரவாக் கூடாதாம். டொக்டர் சொன்னவர்." நான் "ஓம்" எண்டனான். மனசுக்குள்ள, சொதி வைக்கத் தெரியாதவ என்ர கறியைக் கூடாதெண்டு சொல்லுறா எண்டு இருந்தது. எலும்பு தின்னாத நாயை ஆர் கண்டது? கறிச்சட்டியை வழிச்சு நாய்க்கு வைக்கிறதுதானே எங்களுக்குத் தெரிஞ்ச முறை?

ஆட்டெலும்பு வாங்கி, வெங்காயம் வதக்கி, தூள் குறைச்சுப் போட்டுச் சமைச்சன். நாய்க்கெண்டு குறைச்சுத்தான் போட்டன். பிஜூ இரும்புப் படி ஏறாது, கீழ தெரியிற படி எண்டால் அதுக்குப் பயம். நானே முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு இறங்கி, நான் சோறு தின்னுற நீலக்கரைக் கோப்பையில போட்டுக் கொட்டிலடியில வைச்சு, "ச்சூ, ச்சூ, வா" எண்டன். வந்துது. மூக்கிருக்கே அதுக்கு. வாலை ஆட்டித் திண்டு, கோப்பையை நக்கி, என்ர கையையும் நக்கிச்சுது. அந்த ஈர நாக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. வெண்டிட்டன் எண்டு நினைச்சன். அப்பிடி மூண்டு காலமை.

நாலாம் நாள் பின்னேரம் அவர் இரும்புப் படியால ஓடி வந்தார். ஓடினதை நான் கண்டு கனகாலம்.

"இஞ்சாரும், அந்தப் பழைய கம்பளியைத் தாரும்."

"ஏன், என்ன?"

"தாரும்."

பிஜூ கொட்டிலுக்குள்ள கண்ணைத் திறந்தபடி கிடந்ததாம். குரல் இல்லை. கம்பளியில சுத்தி, தன்ர ரெண்டு கையாலும் தூக்கி, ஒழுங்கையில நிண்ட டாக்சிக்குக் கொண்டு போனார். என்னை ஒரு நாளும் தூக்கினதில்லை எண்டு அந்த நேரத்திலயும் எனக்கு யோசனை ஓடினது. அப்பிடிப்பட்ட மனம் இது.

எலும்புச் சில்லு குடலில நிண்டதாம். வெங்காயம் ரத்தத்தைக் கெடுத்துப் போட்டுதாம். ரெண்டு நாள் கிளினிக்கில வைச்சிருந்தினம். அந்த ரெண்டு நாளும் அவர் யன்னலடியில இருக்கேல்லை, கட்டிலில சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். நாய் செத்தால் இந்த மனுசன் இனி வாய் திறக்காது எண்டு எனக்குத் தெரிஞ்சு போச்சு. நான் மாதாவுக்கு முன்னால முழங்காலில நிண்டன். என்னெண்டு கேக்கிறது எண்டு தெரியாமல் சும்மா நிண்டன்.

அதுக்குள்ள இன்னொண்டு. அந்தக் கோப்பையை நான் கொட்டிலடியிலேயே மறந்து விட்டிட்டன். ரெண்டாம் நாள் காலமை கதவைத் திறக்க, என்ர மேல்படியில அது இருக்கு. கழுவி, துடைச்சு, கவிட்டு. அவவுக்கும் முழங்கால் நோ. அந்தப் படி எல்லாம் ஏறி வந்து, கதவைத் தட்டாமல் வைச்சிட்டுப் போயிருக்கிறா.

நாய் பிழைச்சு வந்துது. வளவில வைச்சு அவர் அவவிட்டக் கேட்டது எனக்கு மேல கேட்டுது.

"ஆர் எலும்பு குடுத்தது?"

"ஒழுங்கையில குப்பைப் பை கிழிஞ்சு கிடந்தது அண்ணை."

அவ யன்னலை நிமிர்ந்து பார்க்கேல்லை. ஒருக்கால் நிமிர்ந்து பார்த்து, நாலு பேருக்கு முன்னால என்னைக் காட்டிக் குடுத்திருந்தால் எனக்கு லேசாயிருந்திருக்கும். நானும் நாலு ஏச்சு ஏசியிருப்பன். இப்ப அந்தக் கோப்பையில சோறு போட்டுத் தின்ன ஏலாமல் போச்சு. அவ பெரிய மனுசியாயிட்டா, நான் சின்ன மனுசியாயிட்டன். அதுவும் ஒருத்தரும் பார்க்காமல்.

மூண்டு நாள் பொறுத்தன். நாலாம் நாள் அவர் பல் டொக்டரிட்டப் போன நேரம் பார்த்துக் கீழ இறங்கினன். அவ வாளியில இருந்தா. என்னைக் கண்டா. கண்டிட்டு, வாளியை அரைவட்டம் திருப்பி, எனக்கு முதுகைக் காட்டி இருந்தா.

எனக்கு உச்சியில ஏறீட்டுது. நான் என்ன, வடக்கால ட்ரக்கில கொண்டந்து இறக்கின நாயே? திரும்பிப் போக வெளிக்கிட்டன். முழங்கால் விடேல்லை. அவரின்ர வாளி பக்கத்தில கவிழ்ந்து கிடந்தது. இருந்தன்.

டக், டக்.

கொட்டிலடியில பிஜூ படுத்திருக்கு. ஊசி போட்ட காலில மயிர் வழிச்சிருக்கு.

"உம்மட சொதி தண்ணி," எண்டன்.

"ஓம் அக்கா."

"படி முழுக்க நாய் மயிர்."

"ஓம் அக்கா."

"கோயில்லயும் பிந்தித்தான் வாறனீர்."

"ஓம்."

"எலும்பு நான்தான் வைச்சனான்."

ஒரு பயத்தங்காய் முறிஞ்சது.

"தெரியும் அக்கா."

"ஏன் அவரிட்டச் சொல்லேல்லை?"

அவ இன்னும் ரெண்டு மூண்டு முறிச்சா. நான் கேட்டன், கேக்கக் கூடாது எண்டு நினைச்சுக்கொண்டே கேட்டன்.

"அவர் உம்மோட மட்டும் என்னெண்டு கதைக்கிறார்?"

"என்னோட எங்க அக்கா கதைக்கிறார்? நாயோட கதைக்கிறார். நான் பயத்தங்காய் முறிக்கிறன்."

அப்ப நான் அழுதன். எழுத விருப்பமில்லை, எண்டாலும் அழுதனான். தாய் செத்த அண்டைக்குக் கை வெந்து வந்த மனுசனை வாசலில நிப்பாட்டி வைச்சு நான் கேட்ட கேள்வியளை எல்லாம் ஒண்டொண்டா அவவின்ர முதுகுக்குச் சொன்னன். முதுகுக்குச் சொல்லுறது லேசு. பிஜூ எழும்பி வந்துது. என்னிட்ட இல்லை. எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில படுத்து, தலையை அவவின்ர பக்கம்தான் வைச்சது. அதையும் நான் கவனிச்சனான்.

அடுத்த வருசம் பனி கரைய, அவவின்ர முழங்கால் துப்பரவா ஏலாமல் போச்சு. மகன் வந்து கர்க்லாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்க பெரிய வளவாம். பிஜூவைக் காரில ஏத்தினது என்ர வீட்டுக்காரர்தான். அவ அவருக்கு, "வாங்கோ அண்ணை" எண்டும் சொல்லேல்லை, "வராதேங்கோ" எண்டும் சொல்லேல்லை. எனக்குத் தலையை ஆட்டினா. ரெண்டு வாளியையும் விட்டிட்டுப் போயிட்டா.

எனக்குச் சந்தோசம் வந்தது. பொய் சொல்லேல்லை, வந்துது. ஒரு கிழமை நிண்டுது. அவர் திரும்பவும் தெருப்பக்கத்து யன்னலடியில போய் இருந்திட்டார். நாலு மணிக்கு மட்டும் சப்பாத்தைப் பார்ப்பார், போடமாட்டார். "கர்க்லாண்டுக்குப் போய்ப் பார்த்திட்டு வாங்கோவன்" எண்டு சொல்ல என்ர வாய் மட்டும் வந்தது. சொல்லேல்லை. அவ்வளவு பெருந்தன்மை என்னிட்ட இல்லை.

ஒரு நாள் தமிழ்க் கடையில ரெண்டு பிடி பயத்தங்காய் வாங்கினன். கீழ இறங்கி ஒரு வாளியை எடுத்துக்கொண்டு வந்து, கழுவி, முன்னறையில கவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தன். வீட்டில ஆறு கதிரை இருக்கு. அவர் பார்த்திருப்பார். நான் திரும்பேல்லை.

முதல் நாள் ஒண்டுமில்லை. ரெண்டாம் நாளும் ஒண்டுமில்லை. குளிசை போட்டியளோ எண்டு கேக்க நாக்குத் துடிச்சது, பல்லுக்குள்ள பிடிச்சு வைச்சிருந்தன். அஞ்சாம் நாள் மகள் ரொறன்ரோவில இருந்து போன் எடுத்து, "என்னம்மா, ஒவ்வொரு நாளும் பயத்தங்காய்க் கறியாம்?" எண்டாள். அவளுக்கு அவர்தான் சொல்லியிருக்கிறார். எனக்குச் சொல்லேல்லை.

ஒன்பதாம் நாள், பின்னேரம். பாதி முறிச்சிட்டன்.

"பிஜூவின்ர கிழிஞ்ச காதுக்குள்ள குளிர் போகும்," எண்டார்.

நான் திரும்பேல்லை. டக்.

இன்னும் நாலைஞ்சு முறிச்சன். பேந்து, "அம்மாவும் பயத்தங்காயை இப்பிடித்தான் கையால முறிப்பா. கத்தி வைக்க விடமாட்டா. கத்தி வைச்சால் ருசி போயிடுமாம்" எண்டார். பேந்து தாயின்ர கையைப் பற்றிச் சொன்னார். பேந்து, தான் ஊரை விட்டு வெளிக்கிடேக்க தாய் படலை மட்டும் வராமல் குசினிக்குள்ளேயே நிண்டதைச் சொன்னார். ஏன் வரேல்லை, என்ன சொன்னவ, நீங்கள் திரும்பிப் பார்த்தியளோ, நாப்பது கேள்வி எனக்குத் தொண்டை மட்டும் வந்து நிண்டுது.

தட்டத்தில பயத்தங்காய் முடிஞ்சு போச்சு. நான் எழும்பினால் அவர் நிப்பாட்டிப் போடுவார். முறிச்ச துண்டை எடுத்து இன்னொருக்கால் முறிச்சன். அதையும் எடுத்து இன்னொருக்கால் முறிச்சன்.

இதை நான் ஆரிட்டக் கண்டு பழகினது எண்டு அவருக்குச் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன்.

அண்டைக்கு எங்கட வீட்டில பயத்தங்காய்க் கறி, பல்லில பிடிபடாத அளவுக்குப் பொடியா இருந்தது. அவர் ரெண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டார். ஏன் இப்பிடி எண்டு ஒண்டும் கேக்கேல்லை.